புதிய மடிக்கணினியைக் கடைக்காரர் கையால் திறக்க விடாதீர்கள்

தருமபுரியிலிருந்து பொறியியல் படிக்கப் பெங்களூருக்கு வந்த என் அக்கா மகளுக்கு, சென்ற ஆண்டு ஆகஸ்டில், எஸ்.பி. சாலையில் உள்ள ஒரு கடையில் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தேன். விலை 58,000 ரூபாய். கணினியில் குறை ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்த ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளேயும் அப்படியே இருந்தன. எங்களுக்கு வினையானது, அதற்கு மேல் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்து கொடுத்த ‘செட்டப்’தான். அந்தச் சாலையில் நாணயமான கடைகளும் உண்டு என்பதால் இந்தக் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடைக்காரர் தமிழர். கன்னடத்தில் தொடங்கிய பேரம் பாதியில் தமிழுக்கு மாறியதும் என் எச்சரிக்கையும் பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். “நீங்க ஒண்ணும் தொட வேண்டாம் சார், எல்லாம் போட்டு வைக்கிறோம், சாப்பிட்டு வாங்க” என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டி பிரிக்கப்பட்டு, விண்டோஸ் 11 திறந்து, வேர்டும் எக்ஸெலும் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு இலக்கப் பின் ஒன்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் கணினிக்கு மட்டும் வந்தது. 1,800 ரூபாய்க்கு அந்தச் சீட்டின் பின்புறத்தில் ஒரு கிறுக்கல்தான்.

அந்தக் கணினி யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறக்கப்பட்டது என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. பின் என்பது அந்த ஒரு கணினிக்குள் நுழைவதற்கான எண் மட்டுமே. அதன் பின்னால் ஒரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு இருக்கிறது என்பதும், அந்தக் கடவுச்சொல்லே தெரியாமல் ஒருவர் மாதக்கணக்கில் கணினியைப் பயன்படுத்த முடியும் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடையில் இருந்த பையன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதுக் கணக்குத் தொடங்கச் சோம்பி, கடையின் கணக்கு ஒன்றையே எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அறிகுறி முன்பே தெரிந்தது. நவம்பரில் ஒருநாள், ஒன்டிரைவ் என்னும் மைக்ரோசாஃப்ட் இணையச் சேமிப்பகத்தின் கோப்புறையில் முன்பின் தெரியாத ஒரு மாணவனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்ததைப் பார்த்து, “மாமா, இது மாதிரிக்கு வச்ச ஃபைலா?” என்று கேட்டாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். சில நாளில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபியைப் பலர் சேர்ந்து நிரப்பியதால் வந்த அறிவிப்பு அது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, கணினியில் இடம் போதவில்லை என்று சொல்லி ஒரு வெளி ஹார்ட் டிஸ்கை எங்கள் தலையில் கட்டினார்கள். (பிறகு எங்களைக் காப்பாற்றியது அந்த வேண்டாத செலவுதான்; டிசம்பர் வரையிலான பாடக்குறிப்புகள் அதில் இருந்தன.)

ஜனவரியில், தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் புதுப்பிப்பு ஒன்று முடிந்து கணினி மறுபடி எழுந்தது. நீலத்திரையில், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டு (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு), மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அன்றாடத் திறப்புக்கு வேண்டிய சாவி டிபிஎம் என்னும் சில்லின் காவலில் இருக்கிறது. கணினி தொடங்கும் முறையில் மாற்றம் கண்டால் அந்தச் சில்லு சாவியைத் தர மறுத்துவிடும். திருடன் கையில் கணினி சிக்கினால் நமக்கு அரணாக நிற்க வேண்டிய இந்த ஏற்பாடு, சாவி வேறொருவர் கணக்கில் இருந்ததால் எங்களையே வெளியே நிறுத்தியது. தொலைந்த சாவியை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது.

கடைக்கு ஓடினோம். அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்ட பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், கடவுச்சொல் தெரியாது என்றார்கள். சிறிதும் கூசாமல், 2,500 ரூபாய் கொடுத்தால் ஃபார்மட் செய்து தருவதாகவும் சொன்னார்கள். மறுத்துவிட்டு, அல்சூரில் என் வீட்டிலேயே யுஎஸ்பி வழியாக விண்டோஸை மறுபடி நிறுவினோம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் இணையம் கிடைத்ததும் தானாக உயிர்பெற்றது. ஆனால் கணினியோடு விலை கொடுத்து வாங்கிய ஆஃபிஸ் உரிமம் முதலில் யார் கணக்கில் செயல்படுத்தப்படுகிறதோ அவருக்கே உரியதாகிவிடும். எங்களுடையது அந்தக் கடைக் கணக்கோடு போயிற்று. ஜனவரியில் எழுதிய இரண்டு ஆய்வக அறிக்கைகளும் போயின.

அவற்றை மறுபடி எழுதிவிட்டாள். என்னைத் தூங்க விடாதது வேறு. விடுதிச் சேர்க்கைக்காக டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ஆதார் நகலும் மாற்றுச் சான்றிதழும் ஒன்டிரைவ் வழியே அந்தக் கணக்குக்குப் போயிருக்கின்றன. யாரோ ஒரு மாணவனின் சான்றிதழ் எங்களுக்குத் தெரிந்ததுபோல இவளுடையதும் எத்தனை பேருக்குத் தெரிந்ததோ. எட்ஜ் உலாவியும் அதே கணக்கில் இருந்ததால், அதில் சேமித்த கடவுச்சொற்களும் போயிருக்கலாம் என்றே கொண்டோம். என் கணினியிலிருந்து அவளுடைய ஜிமெயில், கல்லூரித் தளம், வங்கி எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டினோம்.

கடையில் ‘செட்டப்’ செய்யப்பட்ட கணினியை வைத்திருப்பவர்கள், செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியைத் திறந்து அங்கே இருப்பது தம்முடைய மின்னஞ்சல்தானா என்று இன்றே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், கணினி திறந்திருக்கும் இப்போதே கோப்புகளை வெளி வட்டில் எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கில் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் பெட்டியை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முதல் தொடக்கத்தில் திரை கேட்பதற்கெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தாமே பதில் சொல்லிவிடுவார்கள். ஆஃபிஸ் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. பல கல்லூரிகள் மாணவர் மின்னஞ்சலோடு மைக்ரோசாஃப்ட் 365 தருகின்றன; லிப்ரே ஆஃபிஸ் எல்லோருக்கும் இலவசம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் அக்காவும் மாமாவும் தருமபுரியிலிருந்து அலைய வேண்டியதில்லை. 1,800 ரூபாய்க்குப் பில் இல்லாத குறையை, “செட்டப் முடிஞ்சுது, வந்து எடுத்துக்குங்க” என்று அன்று கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திதான் ஈடுகட்ட வேண்டும். புதிய மீட்புச் சாவியை, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள், அவள் தன் நாட்குறிப்பிலும் நான் என் வீட்டுப் பத்திரக் கோப்பிலும் எழுதி வைத்திருக்கிறோம்.