யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப்6: சாம்ப்ளிங்குக்காக ஒரு கீபோர்டை வாங்கலாமா?

பாவித்த கீபோர்ட் தேடிக் கொழும்பில் அலைபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் என்னிடம் வருகிறார்கள்: சாம்ப்ளிங் (வெளி ஒலியைப் பதிந்து கட்டைகளில் வைத்து வாசிக்கும் வசதி) உள்ள பழைய வொர்க்ஸ்டேஷனை, அதாவது ஒலி, பதிவு, திருத்தம் எல்லாம் உள்ளேயே கொண்ட கீபோர்டை வாங்குவதா, அது இல்லாத புதிய கருவியை வாங்குவதா? திருமண மண்டபங்களிலும் கோவில் திருவிழாக்களிலும் வாசிக்கும் குழு ஒன்றில் இருப்பவன் என்ற முறையிலும், இரண்டு சாம்ப்ளிங் கருவிகளைச் சொந்தமாக வைத்திருந்தவன் என்ற முறையிலும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் வைத்திருந்தது 1999இல் வெளிவந்த கோர்க் ட்ரைட்டன். அதன் சாம்ப்ளிங் மெமரி அடிப்படையில் 16 மெகாபைட். 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான ஒலி. எங்கள் தேவைக்கு அது போதும். குறை என்னவென்றால், மின்சாரம் போனால் அந்த மெமரியில் இருப்பதும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், ஒரு மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்று, ஜெனரேட்டர் பிடித்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் ஆறு ஃபிளொப்பிகளில் இருந்து ஒவ்வொன்றாக ஏற்றிவைத்திருந்த உடுக்கை ஒலிகள் அத்தனையும் அழிந்துவிட்டன. அடுத்த பாட்டில் உடுக்கை வரவேண்டிய இடத்தில் கட்டையை அழுத்தினேன், சத்தமே இல்லை. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த வருடக் கடைசியில்தான் மோட்டிஃப் எக்ஸ்எஃப்6ஐ வாங்கினேன். 2010இல் வந்த கருவி இது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 128 ஸ்வரங்கள், சாம்ப்ளிங்குக்கென்று உள்ளேயே 128 மெகாபைட். இந்த 128 மெகாபைட்டும் அணைத்தால் அழிகிற வகைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அணைத்தாலும் அழியாமல் இருக்க வேண்டுமானால் தனியாக விற்கப்பட்ட ஃபிளாஷ் அட்டை உள்ளே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டு அட்டைகள், மொத்தம் 2 கிகாபைட் வரை பொருத்தலாம். எனக்குக் கிடைத்ததில் ஒரு கிகாபைட் அட்டை ஒன்று இருந்தது. அது இல்லாதிருந்தால் இந்த மதிப்புரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இந்தக் கருவியில் சாம்ப்ளிங் தன் விலைக்கு ஈடு கொடுத்த இடம் தவில். எங்களுக்குத் தெரிந்த தவில் கலைஞர் ஒருவர் ஒரு பிற்பகல் ஒத்திகை அறைக்கு வந்து, பூவரசங்கழியால் தொப்பியிலும் (இடப்பக்கம்), கூடு மாட்டிய விரல்களால் வலந்தலையிலும் (வலப்பக்கம்) ஒவ்வொரு சொல்லையும், அதாவது ஒவ்வொரு வகை அடியையும், மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அளவில் அடித்துத் தந்தார். ஒலிவாங்கியைப் பின்புற உள்ளீட்டில் இணைத்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டும் சத்தம் வந்தவுடன் பதிவு தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டால், கலைஞர் அடிப்பதை மட்டும் கவனிக்கலாம். நாம் பொத்தானோடு ஓடத் தேவையில்லை. பதிந்தவுடனேயே கட்டையில் வாசித்துப் பார்க்கவும் முடிந்தது. மூன்றாவது அடியில் கூடு தோலில் உரசிய சத்தம் கேட்டதும், அவர் எழுந்து போவதற்கு முன்பே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். கைத்தொலைபேசியில் பதிந்து வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் அந்தப் பிழையோடுதான் இருந்திருப்போம்.

ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் இயந்திரம் தட்டுவது போலக் கேட்கும். எக்ஸ்எஃப்பில் ஒரு வாய்ஸுக்குள் (கட்டைகளில் வாசிக்கும் ஓர் ஒலிக்குள்) எட்டு எலிமெண்ட்கள், அதாவது தனித்தனிப் பதிவுகளை வைக்கும் எட்டு இடங்கள், இருப்பதால், ஒரே சொல்லின் மூன்று வேறு பதிவுகளை அவற்றில் வைத்து, கட்டையை அழுத்துந்தோறும் முறைமாறி ஒலிக்கச் செய்யலாம். இதைச் செய்த பிறகுதான் அது தவிலாகக் கேட்டது.

நாதஸ்வரத்தில் அதே முயற்சி தோற்றது. இரண்டு ஸ்தாயிக்கு மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்றாக எட்டுப் பதிவுகள், ஒவ்வொன்றும் மூன்று அளவில், ஆக 24 பதிவுகள். நான்கு விநாடி வீதம் மோனோவில் எடுத்தால் மொத்தம் எட்டரை மெகாபைட்கூட வராது. ஆகவே மெமரி பற்றாக்குறை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. பதிந்த ஒரு ஸ்வரத்தை மேலே தூக்கும்போது அதிலுள்ள அசைவும் சேர்ந்து வேகமாகிறது, ஒரு ஸ்தாயி உயர்த்தினால் இரு மடங்கு. குழலின் நாதமும் அதனோடு மேலே நகர்ந்து மெலிந்துவிடுகிறது. ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தள்ளிக் கமகம் வாசிக்கப் போனால் வருவது நாதஸ்வரம் அல்ல, நாதஸ்வரத்தின் ஒலிநாடாவை யாரோ இழுக்கும் சத்தம். தனித்தனி அடிகளாக விழும் வாத்தியங்களுக்குச் சாம்ப்ளிங், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்பவற்றுக்கு அது வேண்டாம் என்பதே நான் பட்டறிந்தது.

கோவில் மணி இன்னொரு பாடம். மணியை ஒத்திகை அறைக்குக் கொண்டுவர முடியாது, 15 கிலோ கருவியைக் கோவிலுக்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. எனவே அதிகாலையில் வெள்ளவத்தைக் கோவில் ஒன்றில் கைப்பதிவுக் கருவியால் பதிந்து, மடிக்கணினியில் வெட்டி, யூஎஸ்பி வழியாக ஏற்றினேன். கரையோர ரயில் கடக்கும் ஓசை மணியின் கார்வைக்கு அடியில் விழுந்துவிட்டதால், அதை நீக்க இரண்டு காலைகள் திரும்பப் போக வேண்டியிருந்தது. வெட்டும் வேலையையும் 320க்கு 240 புள்ளிகள் கொண்ட எக்ஸ்எஃப் திரையில் செய்வதைவிட மடிக்கணினியில் செய்வது பத்து மடங்கு எளிது. ஆக, நான் பாவிக்கும் ஒலிகளில் பாதிக்கு மேல் இந்தக் கருவியின் பதிவுப் பொத்தானைத் தொட்டதே இல்லை. கருவி செய்தது அவற்றை ஏற்றி அழியாமல் வைத்திருந்தது மட்டுமே.

அதனால்தான் சாம்ப்ளிங் இல்லை என்பதற்காகப் புதிய கருவிகளை ஒதுக்க வேண்டியதில்லை என்கிறேன். 2018இல் வந்த யமஹா மோடெக்ஸில் நேரடியாகப் பதிந்து கட்டையில் வைக்கும் வசதி இல்லை. ஆனால் வேவ் கோப்புகளை (கணினி ஒலிக்கோப்புகளை) ஏற்றலாம், ஒரு கிகாபைட் ஃபிளாஷ் மெமரியும் கருவியோடே வருகிறது. பாட்டுக்கு ரிதம் ஸ்டைல் (தானாக ஒலிக்கும் தாளப் பின்னணி) தேவைப்படுபவர்கள் விரும்பும் யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900இலும் அதே அளவு இடம் உண்டு, கணினியில் யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் வழியாக ஏற்ற வேண்டும். 2014இன் ரோலண்ட் எஃப்ஏ, ஒலித்துண்டுகளை 16 பேட்களில் (தட்டும் பொத்தான்களில்) வைத்துத் தட்டுவதற்கு நல்லது. பதிவு, திருத்தம், சேமிப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு 2020இல் வந்த கோர்க் நாட்டிலஸ் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டபின் பிடிவாதம் தளர்ந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர்.

எக்ஸ்எஃப்6ஐ இன்றும் விற்கும் எண்ணம் எனக்கில்லை. பியானோவும் வயலின்களும் இன்னும் சோடை போகவில்லை, கட்டைகளின் தொடுகை உறுதியாக இருக்கிறது. ஆனால் வாரம் ஒருமுறையாவது கலைஞர் ஒருவர் உங்கள் அறைக்கு வந்து வாசிப்பார் என்ற நிலை இல்லையென்றால், பதிவு வசதிக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இதையே வாங்குவதாக இருந்தால், விற்பவர் “ஃபிளாஷ் இருக்கிறது” என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். அந்த அட்டைகளை இப்போது தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பென் டிரைவில் ஒரு வேவ் கோப்பை எடுத்துச் சென்று ஃபிளாஷ் மெமரியில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு சுவரில் உள்ள பிளக்கையே பிடுங்கிவிட்டு, மீண்டும் செருகி அதே கட்டையை அழுத்திப் பாருங்கள். ஒலி வந்தால் மட்டும் விலை பேசுங்கள்.