கல்யாணத்துக்கு அடித்த பன்னிரண்டு சினிமா வசன டீ-சர்ட்: காதர்பேட்டைக் கடை எப்படி?

மாமா பையன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி சொந்தக்காரப் பசங்க பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில் டீ-சர்ட் போடுவது என்று முடிவானது. மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் மட்டும் போட்டால் அன்றைக்கு ஒரு நாள் போடுவோம், அப்புறம் அது வண்டி துடைக்கத்தான் போகும். அதனால் ஆளுக்கு ஒரு சினிமா வசனம், அதுவும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனமாகப் பார்த்துப் போடலாம் என்று பேசி, திருப்பூர் காதர்பேட்டையில் உள்ளடங்கிய ஒரு சின்னக் கடையில் ஆர்டர் கொடுத்தோம். ஒன்று 280 ரூபாய். நாலு மாதம் ஆகிவிட்டது, ஏழெட்டுத் தடவை துவைத்தும் ஆயிற்று, இப்போது தைரியமாக எழுதலாம்.

துணியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) காட்டன், மேல் பிசிறு போக பயோ வாஷ் செய்தது, கழுத்துப்பட்டி இன்னும் தொய்யவில்லை.

கடைக்குப் போனதும் மாடல் என்று ஒரு பெரிய ஆல்பத்தைக் கொடுத்தார்கள். முழுக்க முழுக்க ஹீரோ பஞ்ச் வசனங்கள். 1995-ல் வந்த பாட்ஷாவின் "நூறு தடவ சொன்ன மாதிரி" மட்டும் ஆறு விதமான எழுத்தில் இருந்தது. எனக்கு அந்த வசனம் உயிர், தியேட்டரில் மறுவெளியீடு வந்தால் இன்றைக்கும் போய்க் கத்துவேன், ஆனால் அதைச் சட்டையில் பார்க்கும்போது ஒன்றுமே தோன்றவில்லை. அந்தக் குரல், அந்த விரல், அதற்கு முன்னால் வரும் அமைதி எல்லாம் சேர்ந்துதான் அது வசனம், வெறும் எழுத்தாக நெஞ்சில் நின்றால் போட்டிருப்பவர் தன்னைப் பற்றித் தானே பெருமை பேசுவது போல ஆகிவிடுகிறது. கல்யாண வீட்டில் பன்னிரண்டு பேர் அப்படி நின்றால் நன்றாகவா இருக்கும்?

நாங்கள் கொண்டுபோனது வேறு மாதிரிப் பட்டியல். எந்தப் படம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பாதி சொன்னால் மீதியை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அந்த வகை வசனங்கள். டாக்டராக இருக்கும் பெரியம்மா பையனுக்கு "எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம், இனி எல்லாம் கடவுள் கையிலதான் இருக்கு". எங்கே போனாலும் கடைசியில் வந்து சேரும் சித்தப்பா பையனுக்கு "யாரும் அசையாதீங்க, யூ ஆர் அண்டர் அரெஸ்ட்". கோவையில் வக்கீலாக இருக்கும் அக்காவுக்கு "அப்ஜெக்ஷன் யுவர் ஆனர்". பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிடும் தம்பிக்கு "நான் எங்கே இருக்கேன்?". மாப்பிள்ளைக்கு மட்டும் முதலில் "நிறுத்துங்க, இந்தக் கல்யாணம் நடக்காது" என்று எழுதியிருந்தோம். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துல இப்படி ஒரு வார்த்தையா கண்ணு?" என்று கேட்டார், அவர் கேட்டது சரிதான். உடனே "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று மாற்றிவிட்டோம். யோசித்துப் பார்த்தால் முதலில் எழுதியதைவிட இதுதான் பொருத்தம்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர், ஏமாற்றும் பேச்சு இல்லை. "ஒரே டிசைன்ல நூறு பீஸ்னா ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கொடுத்தரலாமுங்க, இது ஒவ்வொண்ணும் வேற எழுத்து, பன்னெண்டு ஸ்கிரீன் போடோணும், உங்களுக்குக் கட்டுபடியாகாதுங்க" என்று அவரே சொல்லி டிடிஎஃப் முறையில் அடித்துக் கொடுத்தார். பிலிமில் அச்சடித்து, பசைப் பொடி தூவி, ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணியில் ஒட்ட வைப்பது. நிறம் பளிச்சென்று விழும். ஆனால் எழுத்து இருக்கிற இடத்தில் காற்றுப் போகாது, வெயிலில் நெஞ்சுப் பக்கம் வியர்க்கும். டாக்டர் வசனம்தான் நீளம், அதனால் அண்ணன்தான் அதிகம் அவதிப்பட்டார். நீளமான வசனம் என்றால் எழுத்தைச் சின்னதாக்கி முதுகில் போடச் சொல்லுங்கள்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். பார்சல் பிரித்தபோது மூன்று சட்டையில் எழுத்து உடைந்திருந்தது. மாப்பிள்ளை சட்டையில் "மேளம்" என்பது "மளேம்" என்று இருந்தது, "கெ"யின் கொம்பு "க"வை விட்டுவிட்டு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படி ஆகிறது என்றால், நாம் போனில் யூனிகோடில் அடித்து அனுப்புகிறோம், அதில் "ம" முதலில், கொம்பு அடுத்து என்றுதான் வரிசை இருக்கும், திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். டிசைன் மென்பொருளில் அதற்கான அமைப்பைப் போடாமல் அப்படியே ஒட்டினால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் கொம்பைத் தட்டிவிட்டு அப்புறம்தான் எழுத்தைத் தட்டுவார்கள், அதில் இந்தச் சிக்கல் வராது. இதைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பினார்கள்தான், ஆனால் நாலு மட்டும், கேட்டபோது "மீதியும் இதே மாதிரிதானுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இந்த மாதிரி வசனத்துக்கு, பார்த்த கணத்தில் காதில் கேட்க வேண்டும் என்பதுதான் எல்லாமே, எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தால் போட்டதற்கே அர்த்தம் இல்லை. போன் செய்தேன், மறுபேச்சு இல்லாமல் மூன்றையும் மறுநாளே புதிதாக அடித்து பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள், காசு வாங்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றி.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி இதைப் போட்டுக்கொண்டு போனபோது மண்டபத்தில் நடந்தது எங்கள் கணக்கிலேயே இல்லை. அம்மாயிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் கிட்டே கூப்பிட்டு நெஞ்சில் இருப்பதைச் சத்தமாகப் படித்தார். டாக்டர் அண்ணன் முறை வந்ததும், "நீ கண்ணாடியக் கழட்டோணும், தலையக் குனியோணும், அப்புறந்தான் சொல்லோணும்" என்று செய்துகாட்டினார். அவர் வயதுக்காரர்கள் படத்தைப் பார்த்ததைவிட வானொலியில் ஒலிச்சித்திரமாகவும், கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் கதை வசனமாகவும் கேட்டதுதான் அதிகம், அதனால் வசனம் என்றால் அவர்களுக்கு மனப்பாடம். சமையல்காரர், பந்தி பரிமாறும் பையன்கள், பெண் வீட்டுப் பெரியவர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள்கூட எங்களை நிறுத்தி மீதி வரியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டாரும் அந்த ஒரு மணி நேரத்தில் பேசிப் பழகியது போல நிச்சயதார்த்தத்தில்கூடப் பழகவில்லை.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள், எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். அப்படிச் செய்த ஒன்பது சட்டை புதிது போல இருக்கின்றன, மெஷினில் வெந்நீரில் போட்ட மூன்றில் ஓரம் உரிய ஆரம்பித்துவிட்டது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அடுத்த மாதம் பெண் வீட்டில் வளைகாப்பு, அவர்களும் இதே கடையில் எட்டு சட்டை சொல்லியிருக்கிறார்கள், இந்தத் தடவை எட்டு மாதிரியும் என் போனுக்கு வந்து நான் படித்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும் என்று முன்கூட்டியே பேசிவிட்டேன்.