ஏசியோ4ஆல் போதுமா, இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவர் வேண்டுமா?

விண்டோஸ் மடிக்கணினியில் வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்ய மூன்று வழி: விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி, இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) செய்தவர்களே தரும் ஏசியோ டிரைவர். மூன்றுமே பதிவு மென்பொருளுக்கும் ஒலிக் கருவிக்கும் நடுவே ஒலியைக் கொண்டுபோகும் வழிகள். இரண்டு வருடம் ஏசியோ4ஆலில் ஓட்டினேன். இப்போது மூன்றாவதில் இருக்கிறேன், திரும்பிப் போவதாக இல்லை.

வாசாபி மிக்ஸிங்குக்குப் போதும். ஏசியோ4ஆலின் பெரிய பலம், தனிக் கருவி வாங்காமலே பஃபரைக் (ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு, சிறிதானால் தாமதம் குறையும்) குறைக்க முடிவது. மிடி கீபோர்டைச் செருகி விஎஸ்டி (கணினிக்குள் ஓடும் மென்பொருள் வாத்தியம்) வாசித்துப் பழக அதுவே தாராளம். 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடுகள்) 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.8 மில்லிசெகண்ட்தான். கீபோர்டுக்கு ஒலி வெளியே வரும் தாமதம் மட்டும்தான் கணக்கு என்பதால் விரலுக்கு உறுத்தாது.

சிக்கல், ஏற்கெனவே பதிந்த ட்ராக்கின் மேல் மைக் வைத்து வாசிக்கும்போது வருகிறது. தம்பி ஹெட்ஃபோனில் வீணையைக் கேட்டபடி மிருதங்கம் வாசித்தான். திரும்பப் போட்டுக் கேட்டால் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) விழவேண்டிய அடி கொஞ்சம் பின்னால் விழுந்தது. ‘இழுக்கிறாயே’ என்று சொல்லி இன்னும் மூன்று டேக் வாசிக்க வைத்தேன். அவன் சரியாகத்தான் வாசித்திருந்தான். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

புதிதாகப் பதிவதை எவ்வளவு முன்னால் நகர்த்தி ஒட்டுவது என்பதை ரீப்பர் போன்ற பதிவு மென்பொருள், டிரைவர் சொல்லும் தாமதக் கணக்கை வைத்தே முடிவு செய்கிறது. ஏசியோ4ஆல் விண்டோஸ் டிரைவருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. கீழே சிப்பும் யூஎஸ்பியும் எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கு முழுமையாகத் தெரியாது. டைரக்ட் மானிட்டரிங் (மைக் ஒலியைக் கணினிக்குள் போகாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு விடுவது) போட்டாலும் வாசிப்பவருக்குக் காதில் தாமதம் தெரியாமல் போகுமே தவிர, பதிவு தள்ளி விழுவது மாறாது.

சோதிப்பது எளிது. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, ஒரு கிளிக்கை ஓடவிட்டுப் பதியுங்கள். டைரக்ட் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சத்தம் சுற்றிக்கொள்ளும். ஓடவிட்ட கிளிக்கையும் பதிந்த கிளிக்கையும் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு சுமார் 400 சாம்பிள் வித்தியாசம், அதாவது 9 மில்லிசெகண்ட். ஏசியோ4ஆலிலேயே இதைக் கையால் ஈடுகட்ட லேட்டன்சி காம்பன்சேஷன் (தாமத ஈடு) ஸ்லைடர்கள் உண்டு. நானும் வைத்தேன். ஆனால் பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் கேபிளை எடுத்து மறுபடி அளக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு நாள் மறந்தால் அன்றைய பதிவு போச்சு.

இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவருக்கு மாறியதும் அதே கேபிள் சோதனையில் வித்தியாசம் 20 சாம்பிளுக்குள் வந்தது, பஃபரை மாற்றியபோதும்.

நான் பழகியது இரண்டு இன்புட் உள்ள சின்ன இன்டர்ஃபேஸில் மட்டும். எட்டு மைக் வைத்துப் பதிபவர்கள் வாங்கும் முன் அந்தக் கேபிள் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்துவிடுங்கள்.