சிலிகாவில் டால்ஃபின் பார்க்கப் படகு ஏறுவதற்கு முன்

போன ஜனவரியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பூரிக்குப் போயிருந்தோம். ஜகந்நாதர் தரிசனம் முடிந்ததும் சிலிகா ஏரிக்குப் போவதாகத் திட்டம். எனக்குப் பறவைப் பித்து கொஞ்சம் உண்டு. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1981-லேயே சேர்ந்த இந்திய ஈரநிலம், குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். அந்த ஆசையைத்தான் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் இருந்த டிராவல்ஸ்காரர் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"சத்தபடாவிலிருந்து ஐந்து மணி நேரப் படகு. பறவை தெரிந்த கைடு கூடவே வருவார். பைனாகுலர் உண்டு. டால்ஃபின் கேரண்டி. நளபனா பறவைகள் சரணாலயமும் காட்டிவிடுவோம்." 5,500 ரூபாய், கார் தனி. முழுப் பணத்தையும் அங்கேயே கட்டிவிட்டேன்.

வரைபடத்தைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அப்போதே விழித்திருப்பேன். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் ஏரி அது. சத்தபடா இருப்பது ஏரி கடலோடு சேரும் கிழக்குப் பக்கம். நளபனா தீவு ஏரியின் நடுவில். அங்கே போக மேற்குக் கரையில் உள்ள பார்குல், பாலுகான் பக்கம்தான் வசதி. சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி வேறு வேண்டும். டால்ஃபினையும் பார்த்து, நளபனாவுக்கும் போய் ஐந்து மணி நேரத்தில் திரும்புவது எப்படி என்று நான் கேட்கவே இல்லை.

சத்தபடாவில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மோட்டார் படகும், அதை ஓட்ட ஒரு பையனும். கைடு எங்கே என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். தன்னையே காட்டிச் சிரித்தான். பைனாகுலர் இல்லை. ஐந்து பேருக்கு மூன்று லைஃப் ஜாக்கெட். பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் மாட்டிவிட்டோம். எஞ்சின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே கத்த வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எந்தப் பறவை நிற்கும்?

டால்ஃபின் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து படகுகள். ஒரு முதுகு தெரிந்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் அதன் மேல் பாய்ந்தன. சிலிகாவில் இருப்பது ஐராவதி டால்ஃபின். சர்க்கஸ் டால்ஃபின் மாதிரி துள்ளிக் குதிக்கிற இனம் இல்லை. மொட்டைத் தலை, முதுகில் சின்னத் துடுப்பு. சத்தமில்லாமல் மேலே வந்து மூச்சு விட்டு அமிழ்ந்துவிடும். அண்மைக் கணக்கெடுப்புகளில் இந்த ஏரியில் மொத்தமே ஏறக்குறைய 150 தான் இருந்தன. ஒலியை வைத்து வழி தேடும் உயிரைச் சுற்றி இத்தனை எஞ்சின்கள். படகு விசிறியில் அடிபடும் ஆபத்து தனி. பையனை மட்டும் குறை சொல்ல மாட்டேன், என் மகனே "இன்னும் கிட்டப் போகச் சொல்லுங்கப்பா" என்று குதித்தான். நானும் முதல் ஐந்து நிமிடம் தடுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் அது முடிந்தது. அப்புறம்தான் உண்மையான பயணம் தொடங்கியது, அதாவது கடைகள். முதல் மணல்திட்டில் ஒருவர் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நாலு சிவப்பு நண்டுகளைக் காட்டி, "ரெட் கிராப் பாயிண்ட்" என்றார். அடுத்த திட்டில் பக்கெட் நிறையச் சிப்பிகள். கத்தியால் ஒன்றைப் பிளந்தால் உள்ளே முத்து! இரண்டாவது சிப்பி, அதிலும் முத்து. தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் ஆயிரக்கணக்கில் சிப்பி அள்ளினாலும் நல்ல முத்து சொற்பம்தான். இங்கே வெட்டினதெல்லாம் முத்து. நான் முனகினேன். அம்மா கேட்கவில்லை. "கண்ணு முன்னாடியே வெட்டி எடுத்தாரேடா." இரண்டு முத்து, 1,600 ரூபாய்.

நளபனா எப்போது என்று கேட்டதற்கு டீசல் காசு இன்னும் 3,000 வேண்டும் என்றான். பதில் சொல்லாமல் கரைக்குத் திரும்பினோம். மொத்தம் இரண்டே கால் மணி நேரம். டிராவல்ஸ்காரருக்கு போன் செய்தால், "டால்ஃபின் பார்த்தீங்களா இல்லையா?" என்று ஒரே கேள்வி. கையில் இருந்த ரசீதில் படகுச் சவாரி, ஐந்து பேர் என்று மட்டும் இருந்தது. நேரம், கைடு, நளபனா எதுவும் இல்லை.

ஏரியின் மேல் கோபப்பட்டுத் திரும்பிவிட வேண்டாம். இரண்டு நாள் கழித்து வடக்குக் கரையில் உள்ள மங்களாஜோடிக்குப் போனோம். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர் போன ஊர், இப்போது அதே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காக்கிறார்கள். எஞ்சின் கிடையாது, மூங்கில் கழி ஊன்றித் தள்ளும் படகு. துடுப்புக்காரரே பைனாகுலர் கொடுத்தார். கருவால் மூக்கன்கள் என்ற நீண்ட அலகுப் பறவைகள் கூட்டமாக மேய்வதை இருபது அடி தூரத்தில் பார்த்தோம். சிறகடிக்கவே இல்லை. நாங்கள் வந்ததை அவை பொருட்படுத்தவில்லை.

சத்தபடாவுக்குத்தான் போவீர்கள் என்றால் பூரியில் பணம் கட்டாதீர்கள். துறையிலேயே போய், எங்கெல்லாம் நிற்கும், எத்தனை மணி நேரம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டால்ஃபின் பக்கம் வந்ததும் எஞ்சினை அணைக்க முடியுமா என்று ஏறும் முன்பே கேளுங்கள். கடைத் திட்டுகளில் இறங்க மாட்டோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "கேரண்டி" என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த ஆளிடம் போங்கள்.

முத்து? ஊருக்கு வந்து தெரிந்த நகைக்கடையில் காட்டினோம். அவர் பிளேடால் லேசாகச் சுரண்டினார், பூச்சு உரிந்து வந்தது. இன்னொன்றைச் சுரண்டக்கூட இல்லை, பூதக்கண்ணாடியை அம்மாவிடமே நீட்டினார். சிப்பிக்குள்ளிருந்து நேராக வந்த அந்த முத்தில், நூல் கோக்கத் துளை போட்டிருந்தது.