அடைப்புக்குறிக்குள் நின்ற 6700417: காரணிப்படுத்தும் கால்குலேட்டர் பற்றி

கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக வாங்கிய சயின்டிஃபிக் கால்குலேட்டரின் அட்டைப்பெட்டியில், எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் வசதி உண்டு என்று அச்சிட்டிருந்தார்கள். 360 போன்ற எண்ணை மனக்கணக்காகவே பிரித்துவிடலாம் என்பதால், நான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது 4294967297, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இரண்டின் 32-ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் இந்த எண் கிடைக்கும். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டி, இதே வரிசையில் முன்னே நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருக்கக் கண்ட கணிதவியலாளர் ஃபெர்மா, இதுவும் இதற்குப் பின் வருபவையும் பகா எண்களே என்று 1640-இல் நம்பினார். 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் காட்டியதும் அந்த நம்பிக்கை பொய்த்தது.

எண்ணைத் தட்டி, சமக்குறி கொடுத்து, ஷிஃப்டுடன் காரணிப்படுத்தும் பொத்தானை அழுத்தியதும் திரையில் 641×(6700417) என்று வந்தது. அந்த அடைப்புக்குறிக்கு விளக்கம் தேடிக் கையேட்டைப் புரட்டினால், மூன்று இலக்கம் வரையிலான பகாக் காரணிகளை மட்டுமே இக்கருவி தேடும் என்றும், அதற்குமேல் பிரிக்க முடியாத மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் வைக்கும் என்றும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அட்டைப்பெட்டியில் இந்த வரம்பைச் சொல்லாதது குறைதான். ஆனால் தான் சோதிக்காததைப் பகா எண் என்று திரையில் சாதிக்காத நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மிச்சச் சோதனையையும் இதே கருவியில் முடித்துவிடலாம். 6700417-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588.5; இது பகு எண்ணானால் அதற்குள் அடங்கும் பகாக் காரணி ஒன்றாவது இருந்தாக வேண்டும். இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பது கணிதவியலாளர் லூகாவின் முடிவு. அந்த வடிவத்தில் 2588-க்குள் அடங்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. ஐந்தாலும் வகுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. ஆகவே 6700417 பகா எண்தான்.

வர்க்கப் பொத்தானிலும் ஒரு சோதனை செய்தேன். 65536-இன் வர்க்கத்துடன் ஒன்றைக் கூட்டினாலும், 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதே 4294967297 பத்து இலக்கமும் பிசகாமல் வருகிறது. பகா எண்ணொன்றை இரு வர்க்கங்களின் கூட்டலாக அதிகபட்சம் ஒரே வழியில்தான் எழுத முடியும் என்பதால், காரணி எதையும் கண்டுபிடிக்காமலேயே இது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது. (20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது உபரி மகிழ்ச்சி.)

பள்ளி, கல்லூரிக் கணக்குகளுக்கு இக்கருவியைத் தயங்காமல் வாங்கலாம். வரிசையின் அடுத்த எண்ணான 18446744073709551617-க்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அதன் காரணிகளான 274177, 67280421310721 இரண்டையும் பெருக்கிச் சரிபார்க்க முயன்றால்கூடத் திரையில் 1.844674407×10¹⁹ என்றுதான் நிற்கிறது, கடைசியில் இருக்கும் அந்த ஒன்றைக் காணோம்.