வெள்ளவத்தை இரத்தப் பரிசோதனை நிலையம்: கை நல்லது, ரிப்போர்ட் மாற வேண்டும்

மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த காலம் முழுக்க இரத்தம் கொடுத்தது, வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் இருக்கும் ஒரு பரிசோதனை நிலையத்தில்தான். பிள்ளை பிறந்த பிறகும் அங்கேதான் போனோம். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். ஆகவே ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

இரத்தம் எடுக்கும் பிள்ளைகளின் கை அருமை. மகளுக்கு நரம்பு இலேசில் அகப்படாது, ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சீனிப் பரிசோதனையன்று அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உடனே ஃபேனுக்குக் கீழே படுக்க இடம் கொடுத்து, இரண்டு மணிநேரமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ரிப்போர்ட்டில் கர்ப்பிணிகளுக்கான எல்லைகளை, அதாவது வெறும் வயிற்றில் 92, ஒரு மணிநேரத்தில் 180, இரண்டு மணிநேரத்தில் 153 என்று, ஒழுங்காக அச்சிட்டும் இருந்தார்கள்.

மற்ற ரிப்போர்ட்டுகளில் ஏன் அப்படி இல்லை என்பதுதான் என் கேள்வி.

எட்டாம் மாதம் ஈஎஸ்ஆர், அதாவது செங்குருதிக் கலங்கள் குழாயில் அடியில் படியும் வேகம், 56 என்று சிவப்பில் வந்தது. பக்கத்தில் ‘0–20’ என்ற எல்லை. ரிப்போர்ட் இரவில் ஃபோனுக்கு வந்ததால் கேட்கவும் ஆளில்லை. மகள் விடியும்வரை தூங்கவில்லை. அந்த எல்லை கர்ப்பமில்லாத பெண்களுக்கு உரியது. கடைசி மாதங்களில் 50, 60 வருவது வழமை.

காரணம் இதுதான். செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற வெல்லவகை அமிலம் நிறைந்திருக்கிறது. அதன் மறை மின்னேற்றத்தால் கலங்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். கர்ப்பகாலத்தில் ஈரல் பைபிரினோஜன் என்ற, இரத்தம் உறைய உதவும் புரதத்தைக் கூடுதலாக ஆக்குகிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கை அடக்க உடம்பு முன்கூட்டியே செய்யும் ஆயத்தம் அது. இந்தப் புரதம் அந்தத் தள்ளுகையை மீறிக் கலங்களைச் சில்லறைக் காசு அடுக்கியதுபோல் சேர்த்துவிடும். அடுக்கு கனமானது, வேகமாக அடியில் படியும். ஈஎஸ்ஆர் ஏறுவது அதனால்தான். பைபிரினோஜன் உட்பட இரத்தத்தில் ஓடும் பல புரதங்களின் வெல்லச் சங்கிலி நுனியிலும் இதே சியாலிக் அமிலம் உண்டு. ஆகவே மாதம் ஏற ஏற இரத்தத்தில் அதன் மொத்த அளவும் உயரும், பிள்ளை பிறந்தபின் படிப்படியாக இறங்கும். சாதாரணமாக யாரும் இதை அளக்கச் சொல்வதில்லை. ஆனால் தொற்று, நீரிழிவு போன்றவற்றிலும் இது உயரும் என்பதால், கர்ப்பம் என்று தெரியாமல் அந்த எண்ணை வாசிப்பதில் அர்த்தமே இல்லை.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். மகளுக்கு 11.4, ‘குறைவு’ என்று அடையாளமிட்டிருந்தார்கள். 12 என்பது கர்ப்பமில்லாத பெண்களுக்கான எல்லை. முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 11.

வீண் பயம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கர்ப்பகாலத்தில் இயல்பாகவே குறையும். 1.0 என்று வந்தால் இந்த ரிப்போர்ட் சிவப்புப் போடாது, ஆனால் ஒரு கர்ப்பிணிக்கு அது சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டிய எண். பயப்பட வேண்டாத இடத்தில் சிவப்பு, பார்க்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொறுப்பாளரிடம் நேரில் சொன்னேன். படிவத்தில் வயதும் பாலினமும் கேட்கிறீர்கள் தம்பி, கர்ப்பமா, எத்தனையாவது வாரம் என்று ஒரு கட்டம் போட்டால் என்ன? மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிரசவத்துக்குப் பிந்திய பரிசோதனைக்குப் போனபோதும் பழைய படிவமே இருந்தது. அப்போது ஈஎஸ்ஆர் 24க்கு இறங்கியிருந்தது, கிளினிக் டாக்டரும் திருப்திப்பட்டார்.

அதற்காக வேறிடம் போகச் சொல்லமாட்டேன். அங்கே போகிறவர்கள் படிவத்தின் மேல் மூலையில் கர்ப்ப வாரத்தைக் கையால் எழுதிக் கொடுங்கள். கர்ப்பிணி அட்டையையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் உங்கள் டாக்டரிடமோ எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலோ காட்டுங்கள். காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், ஏழுக்குள் போனால் நெரிசல் இல்லை. மாடிப்படி செங்குத்து. நிறைமாதக்காரர் கீழே நின்று அழைத்தால், இரத்தம் எடுக்கிற பிள்ளையே இறங்கி வருவார்.