கட்டுரை படிப்பிக்கக் கூகுள் டொக்ஸ்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கட்டுரை என்றாலே பாதிப் பேர் "முன்னுரை எப்பிடித் தொடங்கிறது ரீச்சர்?" என்ற இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அதற்காகக் கையில் கிடைத்த செயலி, இணையத்தளம் என்று பலதையும் பாவித்துப் பார்த்தாயிற்று. இன்றுவரை விடாமல் பாவிப்பது, இணையத்திலேயே எழுதிச் சேமிக்கும் கூகுள் டொக்ஸ்தான்.

பிழை திருத்துவதற்காக அல்ல, அதிலுள்ள பதிப்பு வரலாற்றுக்காக. கோப்பைக் கணினியில் திறந்தால் எந்த வரி எப்போது வந்தது, எது அழிந்தது என்று நிறம்போட்டுக் காட்டும். எங்கள் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி எழுதச் சொன்னபோது, இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கிய ஏழு கிணறு என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் பழைய பதிப்பில் மட்டும், "ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு; தங்கச்சி என் வாளியைப் பறித்து மற்றக் கிணற்றுக்கு ஓடினாள்" என்று ஒரு வரி கிடந்தது. நல்ல கட்டுரைக்கு இது சரிவராது என்று நினைத்து அவளே அழித்துவிட்டாள். கொப்பியில் வாங்கியிருந்தால் அந்த வரி என் கண்ணில் பட்டிருக்காது. "இதிலயிருந்து தொடங்கு பிள்ளை" என்று பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டேன், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. பிள்ளைகளிடம் இருப்பது அம்மாவின் போன். சின்னத் திரையில் நீளமான கட்டுரையைத் திருத்துவது பெரும்பாடு. எங்கேயோ எழுதி இதில் கொண்டுவந்து ஒட்டினால் வரலாறும் இல்லை, ஒன்றும் இல்லை.

தட்டச்சுக்குப் பயந்தவர்களுக்கு, போனில் போடும் கூகுள் விசைப்பலகையான ஜிபோர்ட்டின் குரல் தட்டச்சு. மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. பேசுவதை முற்றுப்புள்ளியே இல்லாத ஒரே நீட்டு வசனமாக எழுதித் தரும். அதை வசனம் வசனமாக உடைக்கச் சொல்வேன். இலக்கணப் பாடத்தில் ஏறாதது அதில் ஏறிவிடுகிறது.

நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய இணையத் திருத்திகளில் வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் நல்லவை. ஆனால் கடைசி நாளில்தான் திறக்க விடுவேன். முதலே கொடுத்தால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுப் பிழைக் குறிகளைத் துரத்தத் தொடங்கிவிடுவார்கள்.

வாசிக்கக் கொடுக்க, 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம். ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஸ்கான் செய்த பக்கங்கள் என்பதால் கோப்புகள் கனம், டேட்டா கரையும். நான் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன்.

சட்ஜிபிடியைத் தடைசெய்து பயனில்லை என்று விளங்கிவிட்டது. அதனிடமே ஒரு கட்டுரை வாங்கி, வகுப்பில் புள்ளி போடச் சொல்கிறேன். "இதில ஒரு மனுசரும் இல்லையே ரீச்சர்" என்று பிள்ளைகளே சொல்லும்போது எனக்கு வேலை மிச்சம்.

யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள்; ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். இன்றைய பொது முறையான யுனிகோடுக்கு மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன.

சாதாரண தரப் பரீட்சை எப்படியும் பேனையும் தாளும்தான். அதனால் கடைசித் தவணையில் இவை எல்லாவற்றையும் மூடிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக் கையால் எழுத வைக்கிறேன்.